யல்பின்னா காலிஃபிளவர்

ரயில் பாதையை மூடியபோது யல்பின்னாவில் ஆறு வீடுகள் இருந்தன. இரண்டே மாதத்தில் ஐந்து வீடுகள் காலி. போனவர்கள் கதவு, ஜன்னல், அடுப்பு என்று கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆறாவது வீட்டில் ஏவிஸ் ஹாக்கிங் திரைச்சீலைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடத்தில் தபால் வண்டி ஓட்டியவன் நான். செவ்வாயும் வெள்ளியும் குரூனா டவுனிலிருந்து கிளம்புவேன். தபால், ரொட்டி, மருந்து, டிராக்டருக்கு பெல்ட் என்று யாருக்கு எது வேண்டுமோ எல்லாம் என் வண்டியில்தான் வரும். யல்பின்னாவுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று ஆகும். ஏவிஸ் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு மேலே போவேன். அதனால் இந்தக் கதையில் பாதிக்குமேல் நான் கண்ணால் பார்த்தது. மீதியை அவளும் லைலும் சொன்னார்கள்.

லைல் அவள் புருஷன். பதினெட்டு வருஷம் தண்டவாள வேலை. பாதை போனதும் வேலையும் போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு தண்ணீர். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வேகன் ஒன்றை ரயிலோடு கோத்து அனுப்புவார்கள், அது நின்றுவிட்டது. அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டால் வருகிற தண்ணீரை ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், அவ்வளவு உப்பு. மழையோ, நல்ல வருஷத்திலேயே இருநூற்றைம்பது மில்லிமீட்டர். ஹாக்கிங் தம்பதி கிறிஸ்துமஸுக்குள் கிளம்பிவிடுவார்கள் என்று குரூனா மதுக்கடையில் பந்தயம் கட்டினார்கள். ஈஸ்டர் வரை தாங்குவார்கள் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். அதற்கே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது ஏவிஸ் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சரக்கு ஷெட்டின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீரைக்கூட எடுத்துவரவில்லை.

"நெவ், இந்த ஷெட்டோட நீளத்தை ஒருதடவை நடந்து பாருங்க. உங்க காலடிதான் சரியா ஒரு மீட்டர் வரும்."

நடந்தேன். நீளம் முப்பது, அகலம் பன்னிரண்டு. அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். ஒரு சதுர மீட்டர் தகரத்தின் மேல் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இந்தக் கூரையில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் மூவாயிரத்து அறுநூறு லிட்டர். எண்பது வருஷமாக அத்தனையும் மண்ணில் வழிந்து ஓடியிருக்கிறது. ரயில்வே அந்த ஷெட்டுக்கு ஒரு மழைநீர்க் குழாய்கூட வைத்ததில்லை.

அதன்பின் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போனாலே சுத்தியல் சத்தம்தான். பழைய மண்ணெண்ணெய் பீப்பாய்களை வெட்டி விரித்து, தண்டவாளக் கட்டையின் விளிம்பில் வைத்து அடித்து வளைத்து, ஷெட் கூரையின் இரண்டு விளிம்பிலும் தகரக் கால்வாய் கட்டினார்கள். நீராவி இன்ஜின் காலத்துச் சிமெண்ட் தொட்டி ஒன்று தரைக்கடியில் கிடந்தது. டீசல் வந்த பிறகு இருபத்தைந்து வருஷமாக அதில் பாம்பும் பல்லியும்தான் குடியிருந்தன. லைல் அதற்குள் இறங்கி, வெடிப்புகளை உளியால் கொத்தி அகலமாக்கி, புதிதாகச் சிமெண்ட் அடைத்தான். வெயில் குடித்துவிடாமல் மேலே கட்டைகளை நெருக்கி அடுக்கி மூடினார்கள். கால்வாயிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாயின் வாய்க்கு ஏவிஸின் பழைய காலுறைதான் வடிகட்டி.

எங்கள் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குளிர்காலம்; அந்த வருஷம் மழை தாராளமாகப் பெய்தது. ஆகஸ்ட் மாதம் தொட்டி கழுத்துவரை நிறைந்துவிட்டது. ஏவிஸ் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கட்டையை நகர்த்திக் காட்டினாள். உள்ளே கறுப்பாக, அசையாமல் நின்றது தண்ணீர். எங்கள் மூன்று முகங்களும் அதில் தெரிந்தன.  லைல் தொப்பியை எடுத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

தண்ணீர் சேர்ப்பது பாதி வேலைதான். அதைச் செலவு செய்ய ஏவிஸ் மாதிரி இன்னொருவர் எனக்குத் தெரியாது. குரூனாவில் எல்லாரும் பாத்தியை மேடாகக் கட்டுவார்கள். அவள் முழங்கால் ஆழம் பள்ளம் தோண்டினாள். பள்ளத்தின் அடியில் என்னிடமிருந்து வாங்கிய பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, அதற்குமேல் கம்பளி வெட்டும் கொட்டகைகளின் அடியிலிருந்து சுரண்டி எடுத்த ஆட்டுப்புழுக்கை. செடிக்குச் செடி நடுவே, ஆணியால் துளை போட்ட ஜாம் டப்பா ஒன்றைப் புதைத்திருப்பாள். டப்பாவுக்குள் மட்டும்தான் தண்ணீர் ஊற்றுவாள். மேல்மண் எப்போதும் காய்ந்தே கிடக்கும். களைக்கு ஒரு சொட்டுகூடக் கிடைக்காது. ரயில்வேக்காரர்கள் போட்டுவிட்டுப் போன செத்த ஃபிரிட்ஜ்களை மல்லாக்கப் போட்டு, அடியில் சரளைக்கல் பரப்பி, மேலே மண் நிரப்பிக் கீரை போட்டாள். குளித்த தண்ணீர் பூசணிக்கு. துணி துவைத்த தண்ணீர் காற்றைத் தடுக்க நட்ட உப்புப்புதர் வேலிக்கு. பாத்திரம் கழுவின தண்ணீர் எலுமிச்சைக்கு. ஒரு நாளைக்கு இருநூறு லிட்டர், அதற்குமேல் ஒரு குவளைகூடக் கிடையாது. கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டு தொங்கும். அன்றைக்குப் பெய்த மழை, தொட்டியின் ஆழம், எடுத்த வாளிகள், மூன்றும் அதில் இருக்கும்.

மறுவருஷம் ஈஸ்டருக்கு அவர்கள் கடையில் வாங்கியது மாவு, சர்க்கரை, தேயிலை, உப்பு மட்டுமே. எனக்கு இரண்டு பூசணிக்காய் கொடுத்து அனுப்பினாள். ஒன்றை மதுக்கடை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் எண்பத்திரண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வருஷத்தை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மார்ச்சில் வரவேண்டிய மழை வரவில்லை, ஜூனிலும் இல்லை. ஆடுகளைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். வயலில் இருந்த மண் எழுந்து நடந்து போயிற்று. நான் பகலிலேயே முன்விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

லைல் மார்ச்சிலேயே போய்விட்டான். அடிலெய்டில் அவன் தம்பி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கேயே இவனுக்கும் ஒரு வேலை பிடித்துக் கொடுத்தான். சண்டை ஒன்றும் இல்லை என்று ஏவிஸ் சொன்னாள். ஆம்பளை கையைக் கட்டிக்கொண்டு பெண்சாதியின் கீரையைத் தின்று உட்கார்ந்திருப்பதா என்று அவனுக்கு உறுத்தியிருக்கிறது. நீயும் வா என்று கூப்பிட்டிருக்கிறான். தொட்டியில் தண்ணீர் இருக்கிறவரை வரமாட்டேன் என்றிருக்கிறாள். நான்தான் அவனைப் பஸ் ஏற்றிவிட்டேன். வழிநெடுகிலும் அவன் பேசியது ஒரே வார்த்தை: "பிடிவாதம்." அதைத் திட்டுவது மாதிரிச் சொன்னானா, பெருமையாகச் சொன்னானா, எனக்கு விளங்கவில்லை.

அக்டோபரில் குரூனா விவசாயக் கண்காட்சி. கமிட்டியில் காய்கறி மேசை என் பொறுப்பு. அந்த வருஷம் அந்த மேசையையே எடுத்துவிடலாம் என்று தீர்மானம் வந்தது. யாரிடம் என்ன இருக்கிறது, காட்சிக்கு வைக்க? நான் ஏவிஸிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மேசைய எடுக்காதீங்க நெவ். நான் கொண்டு வாறேன்."

கண்காட்சி நாள் சனிக்கிழமை. விடிந்ததும் அவளையும் அவள் பெட்டிகளையும் என் வண்டியில் ஏற்றி வந்தேன். ஒவ்வொரு பெட்டியும் ஈரச்சாக்கால் மூடியிருந்தது. மண்டபத்துக்குள் அவள் சாக்கை விலக்கினபோது பக்கத்து மேசையில் கேக் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். மூன்று காலிஃபிளவர், ஒவ்வொன்றும் என் தலையைவிடப் பெரியது, பால் மாதிரி வெளுப்பு. பட்டாணி, பெரிய அவரை, பீட்ரூட், தடித்த வெங்காயத்தாள் மாதிரி லீக்ஸ், கட்டுக்கட்டாகக் கீரை. போன கோடையில் பறித்து அலமாரியில் வைத்திருந்த சாம்பல்நிறப் பூசணி. வெளியே புழுதிக்காற்று மண்டபத்துத் தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. உள்ளே அந்த மேசை மட்டும் வேறு நாட்டிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

சனங்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர் பட்டாணியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அப்போதுதான் தெல்மா மேடர்ன் வந்தாள்.

யல்பின்னாவைச் சுற்றியிருக்கும் பெரிய ஆட்டுப்பண்ணை மேடர்ன்களுடையது. புருஷன் இறந்தபின் பன்னிரண்டு வருஷமாக அதைத் தனியாக நடத்திவந்தவள் தெல்மா. காய்கறிக்கான பரிசுக் கோப்பை பதினொரு வருஷமாக அவள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. கெட்ட மனுஷி இல்லை. ஆனால் அந்த வருஷம் நாலாயிரம் ஆடுகளை இழந்திருந்தாள். அதோடு, யல்பின்னா பக்கம் இருக்கும் அவளுடைய தொட்டி ஒன்று, தூரத்திலிருந்து குழாயில் தண்ணீர் வருவது, குளிர்காலத்தில் மூன்று தடவை காலியாகியிருந்தது. வறட்சியில் தண்ணீர் திருடுவதைவிடக் கேவலமான காரியம் எங்கள் ஊரில் கிடையாது.

அவள் காலிஃபிளவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நல்லா வந்திருக்கு மிசஸ் ஹாக்கிங். என் தண்ணில வளந்ததாச்சே, நல்லாத்தானே வரும்."

 ஏவிஸின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு முகத்துக்கு ஏறியது. அவள் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"அத இன்னொரு தடவ சொல்லுங்க மிசஸ் மேடர்ன். கான்ஸ்டபிள் டோபின் வாசல்ல நிக்கிறாரு. அவரு முன்னாடி சொல்லுங்க."

தெல்மா பின்வாங்குகிறவள் இல்லை. டோபின் வந்ததும் சொன்னாள்: தன் தொட்டிக்கும் யல்பின்னாவுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர்தான், அக்கம்பக்கத்தில் வேறு ஆள் குடியில்லை, இந்த வருஷ மழையில் புல்லே முளைக்கவில்லை, இந்த அம்மாளுக்கு மட்டும் காலிஃபிளவர் எப்படி முளைத்தது என்று கேட்டாள். கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. சிலர் தரையைப் பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தின் பின்னால் கையில் பெட்டியோடு ஒருவன் நின்றிருந்தான். லைல். மனைவியை ஆச்சரியப்படுத்த நினைத்துச் சொல்லாமல் காலைப் பஸ்ஸில் வந்திருக்கிறான். முன்னால் வந்தான். மேசையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். ஏழு மாதம் கழித்து அவன் முதலில் சொன்னது இதுதான், மெதுவாக, அவளுக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி:

"ஏவிஸ், இவ்வளவுக்கும் தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

தெல்மா சொன்னதைவிட இது அவளை அதிகம் அடித்தது. நான் பக்கத்தில் நின்றதால் தெரியும். மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயின. எல்லாரும் யல்பின்னாவுக்கு வரவேண்டும் என்றாள். இப்போதே. கோப்பைக்குத் தீர்ப்பு சொல்வதைச் சாயங்காலம்வரை நிறுத்திவைக்கச் சொன்னாள்.

டோபினின் ஜீப்பில் ஏவிஸும் லைலும். தெல்மா தன் காரில். என் வண்டியின் பின்னால் ஒரு டஜன் பேர் தொற்றிக்கொண்டார்கள். முக்கால் மணிநேரம் புழுதியைத் தின்றபடி போனோம்.

யல்பின்னாவில் இறங்கினதும் பலர் முகம் ஏமாந்துபோனது. பச்சைப் பசேலென்று ஏதோ தோட்டம் இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். அங்கே இருந்தது சாக்குப் பந்தலும், மல்லாந்து கிடக்கும் ஃபிரிட்ஜ்களும், பாதி மண்ணில் புதைந்த குளியல் தொட்டியும், குழிகளும்தான். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் மட்டுமே ஒவ்வொரு குழிக்குள்ளும் பச்சை தெரிந்தது. டோபின் மண்ணில் கையை விட்டுப் பார்த்தான். மேலே ஒரு விரல் ஆழத்துக்குப் பொடி. அதற்குக் கீழே கை குளிர்ந்தது. ஈர விரல்களை எல்லாருக்கும் நீட்டிக் காட்டினான்.

ஏவிஸ் கதவுக்குப் பின்னாலிருந்த நோட்டை எடுத்து டோபினிடம் கொடுத்தாள். அளவுகோடு போட்ட நீளக் கம்பியை லைலிடம் நீட்டினாள்.

"நீயே விட்டுப் பாரு. நீ போன அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும்."

அவன் கட்டையை நகர்த்தி, மண்டியிட்டு, கம்பியை இறக்கினான். அவன் போன அன்றைக்கு நூற்றுத்தொண்ணூறு சென்டிமீட்டர். எடுத்துப் பார்த்தான், துடைத்துவிட்டு இன்னொரு தடவை இறக்கினான்.

"தொண்ணூத்தி நாலு," என்றான்.

டோபின் நோட்டைப் புரட்டினான். முந்தின நாள் தேதிக்கு நேரே தொண்ணூற்று நாலு என்றே எழுதியிருந்தது. அதற்கு முந்தின வாரம் தொண்ணூற்றேழு. ஒவ்வொரு நாளும், ஒரு நாள் விடாமல், லைல் போன மார்ச்வரை பின்னோக்கி. ஜூலையில் தெல்மாவின் தொட்டி காலியான வாரங்களில் இவளுடைய தொட்டி ஏறவே இல்லை, இறங்கியிருந்தது. மே பதினாறாம் தேதி ஆறு மில்லிமீட்டர் மழை என்றிருந்தது. தெல்மாவே அது சரி என்றாள், அவளும் மழை அளக்கிறவள்தான். டோபின் கூரையையும் தொட்டியையும் வாளிக்கணக்கையும் காகிதத்தில் போட்டுப் பார்த்து, கணக்கு இடிக்கவில்லை என்று சொல்லி நோட்டை மூடினான்.

தெல்மா குழிப் பாத்திகளின் ஓரமாக நடந்தாள். ஒரு ஜாம் டப்பாவின் அருகே நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை.

"எனக்கு தினம் ஆறாயிரம் லிட்டர் போவுது, வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும். இந்த வருஷம் ஒரு முட்டகோஸ் வரல." பிறகு ஏவிஸை நேராகப் பார்த்தாள். "நான் சொன்னது தப்பு, மிசஸ் ஹாக்கிங்."

"நீங்க அத இங்க சொன்னா போதாது. எங்க வச்சி என்னைச் சொன்னீங்களோ அங்க வச்சி சொல்லணும்."

தெல்மா தலையை அசைத்தாள்.

திரும்பும் வழியில் ஏவிஸ் ஓடைப்பாலத்துக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தச் சொன்னாளாம். பின்னால் வந்த நாங்களும் நின்றோம். ஓடைக்கரையில் இளஞ்சிவப்புக் கிளிகள் ஒரு கூட்டமாகத் தரையில் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த இடத்தில், ஒரு படுக்கை அகலத்துக்கு, ஊசிப்புல் பச்சையாக நின்றது. நாங்கள் அத்தனை பேரும் அந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். நானே வாரம் இரண்டு தடவை. ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஏவிஸ் கம்பிவேலியைத் தாண்டிப்போய்க் குதிகாலால் மண்ணைக் குத்தினாள். நாலாவது குத்தில் சேறு.

மேடர்ன் தொட்டிக்குப் போகும் குழாய் அந்த ஓடைக்கு அடியில்தான் போகிறது. யூகலிப்டஸ் வேர் நெரித்து உடைத்திருக்கிறது. தெல்மா குளிர்காலம் முழுக்கத் தேடிய திருடன் அங்கே படுத்திருந்தான்.

"அடைச்சா தொட்டி நாலு நாள்ல ரொம்பிரும்," என்று மட்டும் சொன்னாள் ஏவிஸ். வேறு யாராவது இருந்தால் அதற்குமேல் நாலு வார்த்தை சேர்த்திருப்பார்கள். நானாவது நிச்சயம் சேர்த்திருப்பேன்.

மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேக்குகளெல்லாம் விற்றுப்போயிருந்தன. ஆனால் ஒரு ஆள்கூட வீட்டுக்குப் போகவில்லை. செய்தி எப்படியோ முந்திக்கொண்டது. தெல்மா மேடர்ன் நேராகக் காய்கறி மேசைக்குப் போனாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"காலையில நான் இந்தம்மாவ எல்லார் முன்னாடியும் திருடின்னு சொன்னேன். அது பொய். அவங்க அவங்க கூரைத் தண்ணில வளத்திருக்காங்க. என் குழா ஒடஞ்சதயும் அவங்கதான் கண்டுபுடிச்சாங்க. நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

சுருக்கமாகச் சொன்னாள், மென்று விழுங்காமல் சொன்னாள். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும். ஏவிஸ் கையை நீட்டினாள். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். முதலில் கைதட்டியது பட்டாணி தின்ற கிழவர். அப்புறம் மண்டபமே தட்டியது. மழை நின்றதிலிருந்து அந்த ஊரில் யாரும் எதற்கும் கைதட்டவில்லை. அந்தச் சத்தம் எங்களுக்கே புதிதாக இருந்தது.

கோப்பையை நான்தான் கொடுத்தேன். ஏவிஸ் அதை வாங்கி, அதன் வெள்ளியில் பொறித்திருந்த பதினொரு மேடர்ன்களையும் படித்துவிட்டு, லைலின் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்தான். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான், அவர்களுக்குத் தெரியாதது போல: "என் பொஞ்சாதி. யல்பின்னா. மழையே இல்லாத வருஷம்."

அவன் காலையில் கேட்ட கேள்விக்கு அவளிடம் என்ன சமாதானம் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை பஸ்ஸுக்கு நான் அவனை ஏற்றிப் போவதாக ஏற்பாடு. போனபோது அவன் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, ஆளில்லாத அடுத்த வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து தகரக் கால்வாய் பொருத்திக்கொண்டிருந்தான். இறங்கி வந்து, தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் கொடுத்தான், தபாலில் சேர்க்கச் சொல்லி. ஒட்டியிருந்த தபால்தலை கோணலாக இருந்தது, அவசரத்தில் ஒட்டியிருக்கிறான்.

மறுவருஷம் மார்ச்சில் மழை வந்தது. அதற்குள் தெல்மா தன் கம்பளிக் கொட்டகைக்கு இரண்டு பக்கமும் கால்வாய் வைத்துவிட்டாள்; அளவெடுத்துக் கொடுக்க ஏவிஸ் மூன்று நாள் போய் வந்தாள். ஊரிலும் ஏழெட்டு வீடுகளில் குழிப் பாத்தி வந்துவிட்டது. என் பழைய செய்தித்தாள்களுக்கு இப்போது முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள்.

அடுத்த கண்காட்சியில் காய்கறி மேசைக்கு இடம் போதாமல் இரண்டு மேசை போட்டேன். காலிஃபிளவரில் முதல் பரிசு ஏவிஸுக்கு. வெங்காயத்தில் அவளுக்கு இரண்டாவது இடம்தான். முதல் இடம் தெல்மா மேடர்னுக்கு. ஏவிஸ் அந்த வெங்காயத்தைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, கழுத்துப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"கழுத்து கொஞ்சம் தடிமன், ரொம்ப நாள் தாங்காது," என்றாள் என்னிடம், தெல்மாவுக்குக் கேட்கும்படியாக.

"அடுத்த வருஷம் பாப்போம்," என்றாள் தெல்மா.